ஈரக்குடைக்கு வந்த புகார்கள்

ஊரே தன்மேல் எரிந்து விழுவதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்கிற வேலை எல்லோருக்கும் வாய்த்துவிடாது. குழாயக்காவுக்கு வாய்த்தது. குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில், ஜன்னல் திறக்காத ஒரு நீள அறையில், சுவரோரத்து மேசை அவளுடையது. கல்யாணத்துக்கு முந்தைய வருஷம், தற்காலிகம்தான் என்று சொல்லி அங்கே உட்காரவைத்தார்கள். மகள் பிறந்து, படித்து, வேறு ஊரில் வேலைக்கும் போய்விட்டாள். தற்காலிகம் இன்னும் முடியவில்லை. தலையில் மாட்டுகிற போன் மட்டும் அவ்வப்போது புதிதாக வரும்.

அவளுடைய நிஜப்பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் காய்கறி வாங்கப் போனால்கூட, "குழாயக்கா, எங்க மாடிக்குத் தண்ணி ஏறவே மாட்டேங்குது" என்று யாராவது பையைப் பிடித்து நிறுத்துவார்கள். அவளும் நின்று கேட்பாள். வேலை நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்ல மாட்டாள். அவளோடு கடைக்குப் போவதைப்போல ஒரு தண்டனை கிடையாது என்று அவள் கணவர் அலுத்துக்கொள்வார். அவர் மின்விசிறியும் விளக்கும் விற்கிற கடையில் இருப்பவர். அவரை யாரும் வழிமறிப்பதில்லை.

புகார்ப் பிரிவுக்கு ஒரு முறை உண்டு. யாருக்காவது அடிபட்டதா என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு, என்ன குறை என்று கேட்க வேண்டும். அதற்கும் பிறகு, "இதனால உங்களுக்கு என்ன சிரமம்?" என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியை மற்ற மேசைக்காரர்கள் மென்று விழுங்கிவிடுவார்கள். கேட்டால் ஜனங்கள் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்களே! குழாயக்கா ஒருநாளும் விழுங்கியதில்லை. ஒரு கிழவர் தண்ணீர் வராததில் தொடங்கி, மருமகன் பேசாமல் போனது வரைக்கும் சொல்லி முடிப்பார். அவள் "ம்" கொட்டிக்கொண்டே இருப்பாள். மேற்பார்வையாளர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். எதற்கு இந்த வம்பு என்று நமக்குத் தோன்றும். அவளுக்குத் தோன்றாது. அதுதான் அவள்.

தண்ணீர் நன்றாக வருகிறது என்று சொல்ல மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அந்த எண்ணை அழைத்ததில்லை. அழைத்தாலும் அதைப் பதிந்துகொள்ளக் கம்ப்யூட்டரில் இடம் கிடையாது.

இப்படிப்பட்டவள் எப்படிக் கதை எழுத வந்தாள் என்று கேட்டால், அதற்கும் காரணம் அந்த மேசைதான். தொலைக்காட்சியில் இடிக்கரன் என்று ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. வலது கையில் இடியை வைத்திருக்கும் ஒருவன் விழுகிற விமானத்தைப் பிடிப்பான், சாய்கிற கட்டடத்தை நிமிர்த்துவான். மகள் வீட்டில் இருந்தவரைக்கும் தாயும் மகளும் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தார்கள். கடைசியாக வந்த பகுதியில், துறைமுகத்துப் பெரிய கிரேனின் நுனியில் இடிக்கரன் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே கடல் கொதித்துக்கொண்டிருந்தது. அதோடு தொடரை எடுத்தவர்கள் கடையைச் சாத்திவிட்டார்கள். ஏதோ நஷ்டமாம். அடுத்த பகுதி வரவே இல்லை.

பார்த்தவர்களெல்லாம் நாலு நாள் திட்டிவிட்டு வேறு தொடருக்குப் போனார்கள். குழாயக்காவால் முடியவில்லை. முடிக்காத புகாரை மேசையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாத ஜாதி அவள். காய் நறுக்கும்போது அவன் தொங்கினான். பஸ்ஸில் போகும்போது தொங்கினான். "அவனை யாராவது இறக்கிவிடணுமில்ல?" என்று கணவரிடம் கேட்டாள். "உன் தம்பிதானே, நீயே இறக்கு" என்று அவர் விளையாட்டாகச் சொல்லிவைத்தார். சொன்ன வாயை அடுத்த சில வருஷங்களில் அவர் பலமுறை நொந்துகொண்டிருப்பார்.

ரசிகர்கள் எழுதும் கதைகளைப் போடுவதற்கென்றே ஓர் இணையதளம் இருந்தது. அதில் ஈரக்குடை என்ற பெயரில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் இடிக்கரனை இறக்கத் தொடங்கினாள். இறங்கியதும் அவன் பசிக்கிறது என்றான். பசித்தவனை நடுத்தெருவில் விடமுடியுமா? அவனுடைய அக்கா வீட்டுக்கு அனுப்பினாள். தொடரில் அந்த அக்கா ஒரே ஒரு காட்சியில் வந்து கதவைத் திறந்துவிட்டுப் போனவள். குழாயக்கா அவளுக்கு ஒரு தையற்கடை கொடுத்தாள், கைவிரல்களில் மூட்டு வலி கொடுத்தாள், நல்ல வாய் கொடுத்தாள். உலகத்தைக் காப்பாற்றிவிட்டுக் கிழிந்த உடையோடு வருகிறவனுக்கு யாராவது தைத்துத் தரத்தானே வேண்டும்? விமானங்கள் விழுந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் படிப்பவர்கள் காத்திருந்தது அந்தத் தையற்கடைக்காக.

இதன் முடிவு எழுதத் தொடங்கிய நாளிலிருந்தே அவள் மனதில் இருந்தது. கையில் இடி இருக்கிறவனால் யாரையும் தொடமுடியாது. தொட்டால் எரிந்துவிடும். சிறுவயதுக்குப் பிறகு அக்காவின் விரலைக்கூட அவன் பிடித்ததில்லை. கடைசியில் அந்த இடி போய்விடும். வெறுங்கையோடு கடைக்கு வருவான். அக்கா ஊசியில் நூல் கோக்கத் திணறிக்கொண்டிருப்பாள். அவன் அந்தக் கையைப் பிடித்து நூலைக் கோத்துக் கொடுப்பான். அவ்வளவுதான் கதை. அந்த ஒரு காட்சியை எழுதிப் பார்க்கத்தான் அவள் அத்தனை விமானங்களையும் விழவைத்தாள்.

வாசகர்கள் வந்தார்கள். ஒவ்வோர் அத்தியாயத்துக்குக் கீழேயும் எழுதினார்கள். இங்கேதான் குழாயக்கா, அவளால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறைச் செய்தாள்.

"அருமை", "அழுதுவிட்டேன்", "அடுத்த ஞாயிறு எப்போது வரும்" என்றெல்லாம் எழுதியவர்களுக்கு அவள் பதில் போடவில்லை. திமிர் இல்லை. படித்தாள், முகம் சிவந்தாள், அடுத்ததற்குப் போனாள். குறை இல்லாதவர்களுக்குப் பதில் சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. தண்ணீர் வந்துவிட்டது, பிறகென்ன? குறை சொன்னவர்களைத்தான் கவனிக்க வேண்டும். அவர்களை அவள் கவனித்த கவனிப்பு இருக்கிறதே!

பல்வலி என்ற பெயரில் எழுதும் வாசகர், போன அத்தியாயத்தில் மழை பெய்த அதே நாளில் அதே மணிக்கு இந்த அத்தியாயத்தில் வெயில் அடிப்பதாகக் குறிப்பிட்டார். ஈரக்குடை பதில் எழுதினாள்: "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. பரிசீலித்ததில் தவறு எங்கள் பக்கமே என்று தெரிகிறது. சென்ற அத்தியாயத்தின் மழை திரும்பப் பெறப்படுகிறது. இதனால் தங்களுக்கு ஏற்பட்ட சிரமம் என்ன?"

படித்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவள் நகைச்சுவைக்காக எழுதுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் நிஜமாகவே கேட்டாள். கேட்டதால் பல்வலியும் நிஜமாகவே பதில் சொன்னார். தான் ஒரு கிடங்கில் இரவுக் காவலுக்கு இருப்பதாகவும், வெளியே நிஜமாக மழை பெய்தபோது கதைக்குள் வெயில் அடித்ததால் கொஞ்சம் தனியாக உணர்ந்ததாகவும் எழுதினார். அதற்கும் அவளிடமிருந்து பதில் போயிற்று. அந்தக் கிடங்குக்குக் கூரை ஒழுகுகிறதா என்று விசாரித்திருந்தாள்.

விஷயம் பரவிவிட்டது. ஈரக்குடையிடம் நல்லதைச் சொன்னால் கல்லைப்போல இருப்பாள். குறை சொன்னால், கேட்டு, விசாரித்து, ஊர் உலகத்தில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்பாள். மனிதர்கள் என்ன செய்வார்கள்? எல்லோரும் குறை சொல்லக் கிளம்பினார்கள். வில்லனின் பூனைக்குப் பெயர் இல்லை என்றார் ஒருவர். இடிக்கரன் போன வாரம் முழுக்க ஒரு கொட்டாவிகூட விடவில்லை என்றார் இன்னொருவர். உப்புமூட்டை என்று ஒரு பெண், அத்தியாயங்கள் நீளம் போதவில்லை என்றாள். சிரமம் கேட்கப்பட்டபோது, கணவருக்கு ஆஸ்பத்திரியில் இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்வதாகவும், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினால் பாதியிலேயே கதை தீர்ந்துபோவதாகவும், மீதி நேரம் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதாகவும் எழுதினாள். அடுத்த ஞாயிறு முதல் ஈரக்குடையின் அத்தியாயம் இரண்டு மடங்கு ஆயிற்று. ஏன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சமையல் முடிந்து அவள் உட்கார்ந்தால், கணவர் மாலைத் தேநீரைத் தானே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதில் ஒரு கோளாறு. குறைகள் பொய் என்று தெரியாதவள் ஒருத்தி மட்டும்தான். அவளே எழுதுகிறவள்.

அவளுடைய வாரியத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு லைனில் புகார் பெருகிக்கொண்டே போனால் ஒட்டுப்போட்டுக்கொண்டு இருக்க மாட்டார்கள். லைனையே மூடிவிட்டு, ஜனங்களை வேறு லைனுக்கு மாற்றிவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தன் கதைக்குக் கீழே கையளவு பாராட்டும் மூட்டை மூட்டையாகப் புகாரும் கிடப்பதைப் பார்த்தாள். இத்தனை பேருக்கு இத்தனை சிரமம் கொடுத்திருக்கிறோமே என்று நினைத்தாள். ஊசியும் நூலும் வருகிற அந்தக் கடைசிக் காட்சியை யாருக்காக எழுதுவது?

"என்ன, முகம் இப்படி இருக்கு?" என்றார் கணவர்.

"கதை சரியில்லைங்க. ஒருத்தருக்கும் திருப்தி இல்ல."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. நான்தான் புரிஞ்சுக்காம இழுத்துக்கிட்டே போயிட்டேன்."

அவர் மின்விசிறி விற்பதில் கெட்டிக்காரர். இந்த மாதிரி விஷயங்களில் வாய் வராது. அவள் தலைக்கு மேலிருந்த மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவைத்துவிட்டுப் போனார். அவள் அறிவிப்பு போட்டாள்: "புகார்களின் எண்ணிக்கை காரணமாக இத்தொடர் இத்துடன் நிறுத்தப்படுகிறது. வரும் ஞாயிறன்று பழைய அத்தியாயங்களும் நீக்கப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

வாசகர்கள் பதறிப்போனார்கள். பதறியவர்கள் பாராட்டி எழுதியிருக்கலாம். பழக்க தோஷம், மறுபடியும் புகாராகக் கொட்டினார்கள். நிறுத்துவது அநியாயம், நீக்குவது அக்கிரமம், இதைக் கேட்க ஆளே இல்லையா என்றெல்லாம் எழுதினார்கள். அவள் அதைப் பார்த்து, தான் முடிவெடுத்தது சரிதான் என்று தலையாட்டிக்கொண்டாள். இரு தரப்பையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது, இல்லையா?

வாரத்தின் நடுவில் ஒரு நாள், முற்பகலில், வழக்கம்போல ஓர் அழைப்பு வந்தது. ஒரு பெண் மூச்சிரைக்கப் பேசினாள். பின்னால் தண்ணீர் பீச்சியடிக்கும் சத்தம் கேட்டது.

"என் ஜெராக்ஸ் கடை வாசல்ல குழாய் வெடிச்சிருச்சுங்க. பேப்பர் கட்டெல்லாம் நனையுது."

"யாருக்காவது அடிபட்டுச்சாம்மா?"

"இல்லைங்க."

"எப்பலேர்ந்து வருது?"

"இப்பதான், கொஞ்சம் முன்னாடி."

"சரி. இதனால உங்களுக்கு என்ன சிரமம்?"

மறுமுனையில் தண்ணீர்ச் சத்தம் தள்ளிப் போயிற்று. அந்தப் பெண் கடைக்குள்ளே வந்துவிட்டாள்போல.

"இப்ப என்ன கேட்டீங்க?"

"இதனால உங்களுக்கு ஏற்பட்ட சிரமம் என்னன்னு கேட்டேன்மா."

"ஈரக்குடையா?"

குழாயக்கா சட்டென்று தலையில் மாட்டிய போனைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடித் தடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். மேற்பார்வையாளர் ஏதோ ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். பேசுவதெல்லாம் பதிவாகிற போன் அது. சொந்தப் பேச்சு ஒரு வார்த்தை பேசினாலும் விளக்கம் கேட்பார்கள்.

"புகாரை மட்டும் சொல்லுங்கம்மா" என்றாள், குரலைப் பிடித்துக்கொண்டு.

அந்தப் பெண் சூட்டிகையானவள். புரிந்துகொண்டாள்.

"சொல்றேன், நல்லாப் பதிஞ்சுக்கோங்க. எங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு லைன்ல ஒண்ணு வந்துக்கிட்டு இருந்துச்சு. அதை மூடப்போறதா அறிவிப்பு போட்டிருக்காங்க."

"அந்த லைன்ல... புகார் அதிகமாயிருச்சும்மா. அதான் மூடறாங்க."

"புகார் யாரு குடுத்தா? நாங்கதானே? ஆரம்பத்துலேர்ந்து நல்லாருக்கு, நல்லாருக்குன்னு எழுதினேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீளம் பத்தலைன்னு ஒரே ஒரு தடவ சொன்னேன், உக்காந்து என் கதையையே கேட்டாங்க. அப்புறம் யாருங்க நல்லாருக்குன்னு சொல்லுவா? எல்லாரும் புகாரைத் தேடித் தேடி எழுதறோம். போன வாரம் எனக்கு ஒண்ணுமே கிடைக்கல. இடிக்கரன் கால்ல செருப்பு மாறிப்போச்சுன்னு புளுகினேன்."

"அது மாறலையா?" என்று கேட்டாள் குழாயக்கா. அதைக் கண்டுபிடிக்க நேற்று ராத்திரி முழுக்கப் பழைய அத்தியாயங்களில் தேடியிருந்தாள்.

"மாறலைங்க!"

குழாயக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"நல்லாத் தண்ணி வந்தா யாரும் போன் பண்ணமாட்டாங்கன்னு நீங்க நினைக்கறீங்க" என்றாள் அந்தப் பெண். "நாங்க பண்ணோம். நீங்கதான் எடுக்கல. எங்க வீட்டுக்காரரு நேத்து கேக்கறாரு, அந்த அக்கா கை என்னாச்சு, தம்பி வந்து பாத்தானா இல்லையான்னு. மெஷின்ல படுத்துக்கிட்டுக் கேக்கறாரு. நான் என்ன பதில் சொல்றது? சொல்லுங்க, அதான் என் புகாரு."

நீள அறையில் மற்ற மேசைகளில் போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. குழாயக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்து பாப்பான்னு சொல்லுங்க" என்றாள் மெதுவாக. "லைனை மூடமாட்டாங்க. உங்க புகாரைப் பதிஞ்சுக்கிட்டேன்."

"நன்றிங்க" என்று அந்தப் பெண் போனை வைக்கப் போனாள்.

"இருங்கம்மா, அந்தக் குழாய்?"

"அது கெடக்கட்டும் விடுங்க."

"அதெப்படிக் கெடக்கும்? பேப்பர் நனையுதுன்னு சொன்னீங்கல்ல? கடை விலாசம் சொல்லுங்க முதல்ல."

விலாசம் வாங்கி, ஆளை அனுப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். மேற்பார்வையாளர் தடுப்பைத் தாண்டி வந்து நின்றார். "என்னக்கா, அந்தப் போன்கால் ரொம்ப நேரம் ஓடிச்சு?"

"பழைய லைன் சார். ரொம்ப நாளாக் கவனிக்காம விட்டிருக்கோம்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இந்த ஒரு விஷயத்தில் அவள் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எதையும் நீக்கவில்லை. கடைசி அத்தியாயத்தை எழுதினாள். யாருடைய யோசனையையும் கேட்காமல், இடியைப் பிடுங்கிப்போட்டாள். இடிக்கரன் வெறுங்கையோடு தையற்கடைப் படியேறினான். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊசிக்காது கண்ணுக்குத் தெரியாத எரிச்சலில் இருந்தாள். அவன் கையை நீட்டினான். பயத்தில் அவள் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆகாதுக்கா" என்று அவன் சொன்ன இடத்தில் குழாயக்கா தட்டச்சை நிறுத்திவிட்டு முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். பிறகு முடித்தாள். நான் படித்திருக்கிறேன். அப்படி ஒரு கடைசிப் பக்கத்தை எழுத எத்தனை பேருக்கு வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

கீழே வாசகர்கள் வந்து குவிந்தார்கள். உப்புமூட்டை எல்லோருக்கும் சொல்லிவிட்டிருப்பாள் போலிருக்கிறது, ஒரு புகார்கூட இல்லை. கிடங்கில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுததாகப் பல்வலி எழுதியிருந்தார். பூனைக்குப் பெயர் கேட்டவர், பூனை எக்கேடாவது கெடட்டும், அந்தக் கையை மறக்கமுடியாது என்றிருந்தார். உப்புமூட்டை ஒரே வரி எழுதியிருந்தாள்: "ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன்."

குழாயக்கா பதில் எழுத விரலை வைத்தாள். ஒன்றும் வரவில்லை. வைத்தது வைத்தபடி இருந்தது.

"இப்ப என்ன?" என்றார் கணவர், தேநீரை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டே.

"நல்லாருக்குன்னு சொல்றாங்க. என்ன எழுதறதுன்னே தெரியல."

"உனக்கு எப்படி இருக்கு?"

"சந்தோஷமா இருக்கு."

"அதையே எழுதேன்."

அது தனக்குத் தோன்றவே இல்லையே என்று அவள் வியந்துபோனாள். அதையே எழுதினாள், ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு விதமாக. எழுதி முடித்தபோது மனசு கேட்கவில்லை. பழைய அத்தியாயங்களுக்குப் போனாள். முதல் அத்தியாயம்வரைக்கும் பின்னோக்கிப் போய், தான் பதில் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நல்ல வார்த்தைக்கும் பதில் எழுதிக்கொண்டு வந்தாள். அதில் பலர் இப்போது வருவதே இல்லை. முதல் அத்தியாயத்துக்குக் கீழே, எல்லோருக்கும் முதலாவதாக, கதவெண் எட்டு என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: "அவனை இறக்கிவிட்டதற்கு நன்றி. எனக்கும் அது பாரமாக இருந்தது." அடுத்த சில அத்தியாயங்களிலும் அவர் வந்து, ஒவ்வொரு முறையும் நல்லதாக ஒன்று சொல்லியிருந்தார். பிறகு அந்தப் பெயரைக் காணவில்லை. ஆளை இழந்துவிட்டோம் என்று குழாயக்காவுக்கு வலித்தது. "அன்றே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் இரண்டாவது அத்தியாயத்தை எழுதினேன். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது" என்று எழுதினாள். யாரும் படிக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டே எழுதினாள்.

மறுநாள் அலுவலகத்தில், சாப்பாட்டு இடைவேளை முடிகிற நேரத்தில், அவள் போனில் அதற்குப் பதில் வந்திருந்தது.

"நான் எங்கேயும் போகவில்லை. நேற்றுவரைக்கும் ஒரு வாரம்கூட விடாமல் படித்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லாததால், நான் பேசுவது உங்களுக்குத் தொந்தரவோ என்று நினைத்து எழுதுவதை நிறுத்திக்கொண்டேன்."

குழாயக்கா அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். இத்தனை வருஷமும் ஒருவர் கதவுக்கு வெளியே சத்தமில்லாமல் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். மேசைமேல் வாரியத்தின் போன் அடித்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அடிக்கிற போனை எடுக்காமல் விட்டவள் இல்லை அவள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேற்பார்வையாளர் எழுந்து நின்று பார்த்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் குனிந்து, கதவெண் எட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.